ஏலகிரிக்கு எத்தனை பல்?

பொன்னேரிக் கூட்டுச்சாலையில் நின்று ஏலகிரி மலையைப் பார்த்தால், உச்சிக்கு நேராக ஒரு கோடு கிழித்து அதன் வழியே ஏறிவிடலாம் போலத் தோன்றும். ஆடுகள் அப்படித்தான் ஏறுகின்றன. ஆனால் தார்ச்சாலை அப்படி ஏறவில்லை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளாகச் சுற்றிச் சுற்றிச் செல்கிறது. வளைவுகளுக்குப் புலவர்களின் பெயர்களையும் வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். கம்பரையும் கபிலரையும் பாரியையும் கடந்து மேலே போவது இன்பமானதுதான், பேருந்தில் போகும்வரை!

மிதிவண்டியில் போவோருக்கு அந்த இன்பம் முதல் வளைவிலேயே முடிந்துவிடுகிறது. அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் மாணவரை எண்ணிப் பாருங்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் ஆலைகளுக்கும் ஷூ தொழிற்சாலைகளுக்கும் சைக்கிளில் சென்று வரும் தொழிலாளரையும் எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் பல கிலோமீட்டர் மிதிக்கும் கால்கள் அவை. அந்தக் கால்களே மலையடிவாரத்தில் தோற்பது ஏன்? கால்களில் வலு இல்லையா? வலு இருக்கிறது. பற்களின் எண்ணிக்கைதான் தவறு.

முதலில், சாலை ஏன் சுற்றிப் போகிறது என்பதைக் காண்போம். மலையின் மேலே போக ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏறவேண்டும் எனக் கொள்வோம். நேராக ஏறினாலும் சுற்றி ஏறினாலும் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை ஒன்றே. சாலை சுற்றும்போது தொலைவு கூடுகிறது. அதனால் ஒவ்வோர் அடிக்கும் தேவைப்படும் விசை குறைகிறது. 100 மீட்டர் சென்றால் 6 மீட்டர் உயரும் சரிவு என்றால் 500 மீட்டர் உயரத்துக்கு எட்டேகால் கிலோமீட்டர் போகவேண்டும். தொலைவைக் கொடுத்து விசைச் சலுகையை வாங்குகிறோம். வேலையில் மட்டும் எவ்விதத் தள்ளுபடியும் இல்லை.

சைக்கிளின் கியர் செய்வதும் இதே வாணிபம்தான். சாலைப் பொறியாளர் மலையில் செய்ததைக் கியர் சக்கரத்துக்குள் செய்கிறது. சாலையை நீட்டுவதற்குப் பதிலாக, அதே தொலைவுக்குக் கால் சுற்றவேண்டிய சுற்றுகளைக் கூட்டுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், மீதி எல்லாம் வெறும் கணக்கு.

கணக்கைப் போட்டே பார்ப்போம். உங்கள் எடை 60 கிலோ, சைக்கிள் 20 கிலோ, ஆக 80. இதன் எடைவிசை 784 நியூட்டன். 100-க்கு 6 என்ற சரிவில் நம்மைப் பின்னுக்கு இழுக்கும் பகுதி 47 நியூட்டன். டயர் உருள்வதால் ஏற்படும் தடை இன்னும் 6 நியூட்டன் எனலாம். மெதுவாக ஏறும்போது காற்றின் தடை மிகச் சிறிது, அதை விட்டுவிடலாம். ஆகவே 53 நியூட்டன் விசையால் வண்டியைத் தொடர்ந்து மேலே தள்ளவேண்டும்.

இனிப் பற்களுக்கு வருவோம். சாதாரண 28 அங்குலச் சைக்கிளில் முன்னால் உள்ள செயின்வீலில் 48 பற்களும் பின்னால் உள்ள ஃப்ரீவீலில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். (உங்கள் வண்டியில் எண்ணிப் பாருங்கள், சற்றே வேறுபடலாம்.) பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 48-ஐ 18-ஆல் வகுத்த அளவு, அதாவது 2.67 சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர். எனவே ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி 5.9 மீட்டர் ஓடுகிறது. சமதரையில் இது மிக நல்ல அளவு. மலையில் அதே ஒரு சுற்றுக்குச் செய்யவேண்டிய வேலை 53 பெருக்கல் 5.9, அதாவது 313 ஜூல்.

ஓட்டப்பந்தயப் பயிற்சி இல்லாத, ஆனால் உடல்நலமுள்ள ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தரக்கூடிய திறன் ஏறத்தாழ 75 முதல் 100 வாட். நாம் 88 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 313 ஜூல் வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 17 சுற்றுகள்தான் மிதிக்க முடியும். மூன்றரை விநாடிக்கு ஒரு சுற்று! கிராங்க் நேர் மேலும் கீழுமாக வரும் ஒவ்வொரு தடவையும் வண்டி தயங்கி நிற்கும், ஹேண்டில்பார் ஆடும். மிதிக்கும் விசையோ ஒரு சுற்றின் சராசரியாகவே 30 கிலோ எடைக்குச் சமம். கால் நன்றாக அழுத்தும் நிலையில் அது இன்னும் ஒன்றரை மடங்கு. சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிப்பது இதனால்தான். சரி, வழக்கம்போல நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்துவிடலாம் என்றால் 313 வாட் வேண்டும். ஏறக்குறைய அரைக் குதிரைத்திறனை நெருங்கும் அளவு இது. பயிற்சி பெற்ற பந்தய வீரருக்கே உரிய கணக்கு. நமக்கு இரண்டொரு நிமிடங்களில் மூச்சு முட்டிவிடும்.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். 88 வாட்டில் நிமிடத்துக்கு 50 சுற்று என்ற வசதியான வேகத்தில் மிதித்து ஏற எத்தனை பல் வேண்டும்? 88 வாட்டை 53 நியூட்டனால் வகுத்தால் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். நிமிடத்துக்கு 100 மீட்டர். 50 சுற்றுக்கு 100 மீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர். சக்கரத்தின் சுற்றளவோ 2.2 மீட்டர்! பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகவே சுற்றவேண்டும். அப்படியானால் முன்சக்கரத்தின் பற்கள் பின்சக்கரத்தின் பற்களைவிடக் குறைவாக இருக்கவேண்டும். சைக்கிள் என்றாலே முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சிறியது என்று பழகிய நம் கண்ணுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஏலகிரி கேட்கும் பல் இதுதான்.

இந்தக் கணக்குத் தெரியாமல் கடையில் 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 22 பல் போட்டுக்கொண்டு மலையேறப் புறப்படுவோர் உண்டு. ஒரு சுற்றுக்கு 5.9 மீட்டர் என்பது 4.8 மீட்டர் ஆகும். மிதி 17-லிருந்து 21 ஆகும். மேம்பாலம் ஏற இது உதவும், மலைக்குப் போதாது. ஆனால் 14 முதல் 34 வரை பற்கள் கொண்ட ஏழு அடுக்கு ஃப்ரீவீலும், முன்னால் 42, 34, 24 என்ற மூன்று அடுக்குச் செயின்வீலும் இன்று சாதாரண விலையில் கிடைக்கின்றன. 24-க்கு 28 என்ற இணையில் 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். நமக்கு வேண்டியது அதுவே. 34 பல்லை மழைக்கும் களைப்புக்கும் மிச்சம் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே வண்டியைக் கோப்போர் இங்கே சிலவற்றைக் கவனிக்கவேண்டும். பல அடுக்கு ஃப்ரீவீல் அகலமானது. பழைய வண்டியின் பின் ஃபோர்க்கு இடைவெளியில் அதற்குரிய ஹப் அடங்காது. இரும்புச் சட்டமானால் அனுபவமுள்ள கைகள் சற்றே விரித்து நேர்செய்துவிடும். அலுமினியச் சட்டத்தை ஒருபோதும் விரிக்கக் கூடாது, அது வெடித்துவிடும். ஒற்றைப் பல்லுக்கான பழைய செயினும் உதவாது, மெல்லியது வேண்டும். பின்னால் செயினைத் தள்ளி மாற்றும் கருவியை வாங்கும்போது, அது 34 பல் வரை எட்டுமா என்று கேளுங்கள். தொய்வை எவ்வளவு இழுத்துப் பிடிக்கும் என்றும் கேளுங்கள். முன்னால் 42-க்கும் 24-க்கும் உள்ள வேறுபாடு 18, பின்னால் 34-க்கும் 14-க்கும் உள்ள வேறுபாடு 20. ஆக 38 பல் அளவுத் தொய்வை அது ஏற்கவேண்டும்.

செலவு அதிகமாகிறது என்றால்? இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடையில் ஓர் அடிக்கு முக்கால் மீட்டர்கூடப் போவதில்லை. அதைவிடத் தாழ்ந்த கியர் எங்கே கிடைக்கும்? பிரான்சு நாட்டைச் சுற்றும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தில் செயினைத் தள்ளி மாற்றும் கியரை 1937-ஆம் ஆண்டு வரையில் அனுமதிக்கவில்லை. அதுவரை வீரர்கள் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். அச்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு எண்ணிக்கையில் பற்கள் இருந்தன.

இன்னொரு மயக்கத்தையும் சொல்லவேண்டும். மாணவர்கள் காசு சேர்த்ததும் முதலில் வாங்க நினைப்பது ஸ்பிரிங் வைத்த முன் ஃபோர்க்கை. பார்வைக்கு அழகுதான், மலிவான ஸ்பிரிங் ஃபோர்க், எழுந்து மிதிக்கும்போது நம் உழைப்பில் ஒரு பகுதியை அமுங்கி அமுங்கி விழுங்கிவிடும். எடையும் ஒன்றிரண்டு கிலோ கூடும். இந்தக் கூடுதல் எடை பற்றி அளவுக்கு மேல் கவலைப்படவும் வேண்டாம்: 80 கிலோவில் 2 கிலோ என்பது நாற்பதில் ஒரு பங்கு. 83 நிமிட ஏற்றத்தில் இரண்டு நிமிடம் அதிகமாகும், அவ்வளவே. எடையைக் குறைக்க ஆயிரக்கணக்கில் செலவிடுவதைவிட, சரியான பற்களை வாங்குவது மேல்.

மலையேறச் செய்யும் மொத்த வேலை சுமார் 440 கிலோஜூல். நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக்குகின்றன. ஆகவே, ஐந்நூறு கலோரிக்கு மேல் உண்ணவேண்டும், எட்டொன்பது இட்லி. எந்தக் கியரும் இந்த இட்லிகளைக் குறைக்காது. ஆம்பூர்க்காரர்கள் பிரியாணியில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தோல் சீட்டு வேண்டுவோர், பட்டைச் சாயத்தில் பதனிட்ட கெட்டித் தோலையே கேளுங்கள். நம் பகுதியில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் உண்டு. அவ்வகைத் தோல், இழுத்துக் கட்டினால் வடிவம் தாங்கி நாளடைவில் அமர்பவரின் உடலுக்கு ஏற்பப் படியும். குரோமியத்தில் பதனிட்டது மெத்தென்று இருக்கும், ஷூவின் மேல்தோலுக்கு ஏற்றது. சீட்டாக இழுத்துக் கட்டினால் தொய்ந்துவிடும்.

ஏறியாயிற்று. இனி இறங்கவேண்டும். என் மாணவர்களில் பலர் இதற்கு இயற்பியல் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் உயிர் தொங்குவது இங்கேதான்.

மலைச் சைக்கிள் என்ற வகையே ஏறுவதற்காகப் பிறக்கவில்லை, இறங்குவதற்காகப் பிறந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் டமல்பாய்ஸ் மலைப்பகுதியில் 1970-களில் இளைஞர்கள் சிலர், முப்பது நாற்பது ஆண்டுப் பழைய தடித்த டயர் சைக்கிள்களைப் பழைய சாமான்களுக்கிடையே தேடி எடுத்தார்கள். மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகள், வேறு வண்டிகளின் கியர் என்று கிடைத்ததை எல்லாம் மாட்டித் தாங்களே கோத்துக்கொண்டார்கள். மண்பாதையில் செங்குத்தாக இறங்கிப் போட்டி வைத்தார்கள். அவற்றின் பின் ஹப்புக்குள்தான் பிரேக் இருந்தது. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும். ஒரே இறக்கத்தில் ஹப் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைக்கவேண்டியிருந்ததால், அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’, அதாவது ‘மீண்டும் அடை’ என்றே பெயராயிற்று. அங்கே 1976-இல் போட்டிகள் தொடங்கின. அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே தனிச் சட்டம் செய்தார். 1981-இல் பெருமளவில் தயாரித்த வண்டி விற்பனைக்கு வந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயமும் சேர்ந்தது.

கிரீஸ் ஏன் புகைந்தது? 80 கிலோவை 500 மீட்டர் உயர்த்தும்போது சேமித்த நிலையாற்றல் 3,92,000 ஜூல். இறங்கும்போது இது எங்காவது போயாகவேண்டும். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் இது! ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்கிறது. மெதுவாக இறங்கினால் பெரும்பகுதி பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான் போகிறது. நீளமாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சுடும். டியூபில் ஒட்டிய பஞ்சர் ஒட்டு இளகும். ஆகவே, இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம் ஆறியபின் இறங்குங்கள்.

முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று அஞ்சிப் பலர் பின் பிரேக்கை மட்டுமே நம்புகிறார்கள். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குச் சாய்கிறது. பின்சக்கரம் இலேசாகித் தேய்க்கத் தொடங்கிவிடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நமது சரிவில் இறங்கும்போது, இரண்டு பிரேக்கையும் நன்கு பயன்படுத்தினால் சுமார் 8 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் 18 மீட்டருக்கு மேல். இந்தப் பத்து மீட்டருக்குள் எதிரே ஒரு பேருந்து வளைவில் திரும்பிக்கொண்டிருக்கலாம். முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி, உடலைப் பின்னுக்குத் தள்ளி அமர்ந்தால் குப்புற விழும் அச்சம் பெரிதும் நீங்கும்.

மழை பெய்தால் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும். பளபளக்கும் முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால், பிரேக் கட்டைக்குக் கிடைக்கும் உராய்வு மிகவும் குறைந்துவிடுகிறது. அலுமினிய ரிம் இதில் எவ்வளவோ மேல். எனவே, கையில் உள்ள பணத்துக்கு வரிசை இதுதான்: முதலில் நல்ல பிரேக் கட்டைகளும் அலுமினிய ரிம்மும்; அடுத்துப் பற்கள்; மற்றவை பிறகு. இரும்பு ரிம் வண்டியில் சென்று மேலே மழை பிடித்துக்கொண்டால், நின்று போகும்வரை காத்திருங்கள். இல்லையேல் தள்ளிக்கொண்டே இறங்குங்கள்.

இறக்கம் தொடங்குமுன் செய்யவேண்டிய சோதனை எளிது. முன் பிரேக்கை இறுகப் பிடித்து வண்டியை முன்னே தள்ளுங்கள். சக்கரம் உருளாமல் பின்புறம் தூக்கவேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளுங்கள். சக்கரம் இழுபடவேண்டுமேயன்றி உருளக்கூடாது. பிடி ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டால் கம்பியை முறுக்கிச் சரிசெய்தபின்தான் சீட்டில் ஏறவேண்டும்.