ரோடு போடுற செலவு ஏன் எகிறுது?

ஒரு ரோடு ப்ராஜெக்ட் ஏன் சொன்ன பட்ஜெட்டில் முடிய மாட்டேங்குது? உடனே நம்ம வாயில் வர்ற பதில், "கமிஷன் அடிச்சிருப்பாங்க." அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா அதோட நிறுத்திட்டா இன்னொரு பெரிய காரணத்தை விட்டுடுவோம்: தாமதம்.

சென்னைக்காரங்களுக்கு நல்லாவே தெரிஞ்ச உதாரணம், துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலை. 2009-ல் அடிக்கல் நாட்டியபோது மதிப்பீடு சுமார் 1,815 கோடி ரூபாய். தூண்கள் எழும்பின. 2012-ல், தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்குதுன்னு மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014-ல் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அப்பவும் வேலை நகரல. பாதித் தூண்கள் கூவம் ஓரமா சும்மா நின்னுட்டிருந்தன. டிசைன் இரட்டை அடுக்கா மாறி, 2022-ல் மறுபடியும் அடிக்கல். அப்போ சொன்ன செலவு 5,850 கோடிக்கும் மேல்.

இதில் தாமதத்தோட பங்கு எவ்வளவு? நான் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுதுன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கலாம். டிசைனில் எதையுமே மாத்தாம 13 வருஷம் தள்ளிப்போட்டாலே, 1,815 கோடி சுமார் 3,870 கோடி ஆயிடும். புது டிசைனோட செலவெல்லாம் அதுக்கு மேலதான்.

சரி, தாமதம் எங்கே ஆரம்பிக்குது? பல நேரம், ஜல்லி கொட்டுறதுக்கு முன்னாடியே. நிலம் முழுசா கைக்கு வந்திருக்காது. அனுமதியில் சிக்கல் இருக்கும். தோண்டின பிறகுதான் குடிநீர் பைப்பும் கரண்ட் கேபிளும் குறுக்கே போறது தெரியும். மெஷினும் ஆட்களும் சும்மா நின்னா, ஒப்பந்ததாரர் அதுக்கும் இழப்பீடு கேட்பார். நம்ம சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னா, டிசைன்லயே பிடிச்சிருக்க வேண்டிய பக், ரிலீஸுக்கு அப்புறம் சிக்குற மாதிரி.

இன்னொன்னு, முதல் மதிப்பீடே குறைவா இருக்கிறது. டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃப்ளூவ்பியரும் அவர் குழுவும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், 258 போக்குவரத்துத் திட்டங்களைப் பார்த்தாங்க. பத்தில் ஒன்பது மதிப்பீட்டைத் தாண்டியிருந்தது. சாலைகளில் மட்டும் சராசரியா 20 சதவீதம் கூடுதல். உண்மைச் செலவைச் சொன்னா ஒப்புதல் கிடைக்காதுன்னு குறைச்சுக் காட்டுறாங்கங்கிறதுதான் அவங்க வாதம்.

அதனால அடுத்த தடவை அடிக்கல் விழா நியூஸ் வந்தா, "எத்தனை கோடி?"ன்னு மட்டும் பார்க்காதீங்க. "நிலமும் அனுமதியும் கையில இருக்கா?"ன்னு தேடிப் பாருங்க. இல்லைன்னா, அந்தக் கோடி வெறும் ஆரம்ப விலைதான். மீதி, நம்ம வரிப்பணம்.