ஓட்டும் கணக்கும்

ஆந்திராவின் தென் மூலையில் இருக்கிறது குப்பம். ஒரு பக்கம் தமிழ்நாடு. மறு பக்கம் கர்நாடகம். இந்த ஊர்ச் சந்தையில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் கேட்கும்.

குப்பம் ரயில் நிலையத்துக்குக் காலையில் போய்ப் பாருங்கள். கையில் சாப்பாட்டு டப்பா. தோளில் துண்டு. கொத்தனார் இருப்பார். சித்தாள் இருப்பார். கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். எல்லோரும் பெங்களூருக்குப் போகிறார்கள். சிலர் இரவு திரும்புவார்கள். சிலர் அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கிவிடுவார்கள்.

திருப்பதி, புத்தூர், நகரி பக்கத்து ஆட்கள் சென்னைக்குப் போகிறார்கள். கடல் தாண்டிக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களும் உண்டு.

ஏன் போகிறார்கள்? ஊர்மேல் வெறுப்பா? இல்லை. வேர்க்கடலை போட்டால் மழை ஏமாற்றுகிறது. போர்வெல் போட்டால் பல நூறு அடி போனாலும் புகைதான் வருகிறது. கடன் மட்டும் வருஷம் தவறாமல் வளர்கிறது. அதனால் போகிறார்கள்.

இந்தக் குப்பத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. 1989 முதல் இதன் எம்.எல்.ஏ. சந்திரபாபு நாயுடு. அவர் பிறந்ததும் பழைய சித்தூர் மாவட்டம்தான். சந்திரகிரி பக்கம், நாராவாரிப்பள்ளி. 1995 செப்டம்பர் முதல் 2004 மே வரை அவர் ஆந்திராவின் முதல்வர். அதாவது, நம் மாவட்டத்து ஆள் நாட்டை ஆண்டார். நம் மாவட்டத்து ஆள் ரயில் ஏறிக் கூலிக்குப் போனார். இரண்டும் ஒரே காலத்தில் நடந்தது.

2004 தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது. சாதாரணத் தோல்வி இல்லை. அதற்கு முந்தைய தேர்தலில் 180 இடம் வாங்கிய கட்சி, இந்த முறை வாங்கியது 47. மொத்த இடம் 294. மக்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

சாராயமும் கஜானாவும்

1992-ல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமத்தில் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். எழுத்தறிவு வகுப்பில் படித்தவர்கள் அவர்கள். கூலிப் பணம் எங்கே போகிறது என்று பாடத்தில் படித்தார்கள். பிறகு தெருவில் இறங்கினார்கள். அந்தத் தீ சித்தூருக்கும் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. சாராய ஏலம் நடத்தவே பெண்கள் விடவில்லை.

1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயம் நின்றது. 1994 தேர்தலில் என்.டி.ராமாராவ், "முழு மதுவிலக்கு கொண்டுவருவேன்" என்றார். பெண்கள் ஓட்டைக் கொட்டினார்கள். 216 இடம் கிடைத்தது. 1995 ஜனவரியில் மதுவிலக்கு வந்தது.

1997-ல் அது போய்விட்டது. அப்போது முதல்வர் சந்திரபாபு நாயுடு. கஜானாவில் பணம் இல்லை, அதனால் மதுவிலக்கைத் தளர்த்துகிறோம் என்றது அரசு. கள்ளக் கடத்தலைத் தடுக்க முடியவில்லை என்றும் சொன்னது.

கஜானா காலி என்றது பொய் இல்லை. வருமானம் குறைந்தது உண்மை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா? ஓட்டுக் கேட்கும்போது வாசலுக்கு வந்தார்கள். முடிவு எடுக்கும்போது வரவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான், 1996-ல், ரேஷன் அரிசி விலையும் ஏறியிருந்தது. கிலோ 2 ரூபாயாக இருந்தது 3 ரூபாய் 50 காசு ஆயிற்று.

தலைநகரம் வேறு, ஊர் வேறு

1998-ல் ஹைதராபாத்தில் 'ஹைடெக் சிட்டி' கட்டடம் திறந்தார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. அமெரிக்காவிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து பாராட்டினார்கள். 1999-ல் 'விஷன் 2020' என்று ஒரு திட்டப் புத்தகம் வந்தது. 2020-ல் ஆந்திரா எப்படி இருக்கும் என்று அதில் எழுதியிருந்தது.

இது கெட்ட வேலை இல்லை. நம் பிள்ளைகள் பலர் அந்தக் கம்பெனிகளில் வேலை பார்த்தார்கள். இன்றும் பார்க்கிறார்கள். ஆனால் ஊரில் அன்று நடந்தது வேறு. 2000-ல் மின் கட்டணம் ஏறியது. எதிர்த்துப் போராடியவர்கள்மேல் ஹைதராபாத் பஷீர்பாகில் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. அடுத்து வந்த வருஷங்களில் மழை பொய்த்தது. கடன் தாங்காமல் விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுப் போனார்கள்.

2003 அக்டோபர் 1. திருப்பதி அலிபிரியில் முதல்வரின் கார்மேல் கண்ணிவெடி வெடித்தது. காயத்தோடு அவர் தப்பினார். பிறகு சட்டசபையைக் கலைத்துத் தேர்தலைச் சீக்கிரம் கொண்டுவந்தார். மக்கள் மனம் இரங்கும் என்று அவர் கட்சி நினைத்தது. டில்லியில் ஆண்டவர்களும் அப்போது 'இந்தியா ஒளிர்கிறது' என்று அரசுப் பணத்தில் விளம்பரம் செய்தார்கள். டி.வி.யில் இந்தியா ஒளிர்ந்தது. வயலில் கரண்ட் இல்லை. 2004-ல் இரண்டு ஆட்சியும் போயின.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அதே தேர்தலில் குப்பத்தில் மட்டும் சந்திரபாபு நாயுடு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தொகுதியை முதல்வர் கவனித்தார். செலவு கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கோபம் குறைவு.

பிறகு நடந்ததும் இதே மாதிரிதான். மாநிலம் பிரிந்தது. 2014-ல் அவர் திரும்ப வந்தார். 2019-ல் மறுபடி தோற்றார். 175-ல் அவர் கட்சிக்கு 23 இடம். ஜெயித்த ஜெகன்மோகன் ரெட்டி கட்சிக்கு 151. அவர் அரசு வங்கிக் கணக்கில் நேராகப் பணம் போட்டது. மக்கள் மறக்கமாட்டார்கள் என்று அந்தக் கட்சி நம்பியது. 2024-ல் அதற்குக் கிடைத்தது 11. சந்திரபாபு நாயுடு மீண்டும் முதல்வர் ஆனார்.

ஓட்டு ஆளை மாற்றுகிறது. கணக்கு மாறியதா என்பது அடுத்த கேள்வி.

போனவர்களின் ஓட்டு

ஊரைவிட்டுப் போனவர்கள் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள்? பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறதோ அந்த ஊருக்குத்தான் வரவேண்டும். பெங்களூரில் சித்தாள் வேலை செய்யும் அம்மா, தன் ஓட்டைப் போட ஒரு நாள் கூலியை விடவேண்டும். ரயில் செலவும் அவருடையது. ஓட்டுப் போடும் நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கட்டட வேலையில் எந்த மேஸ்திரி தருகிறார்?

குவைத்தில் இருப்பவரும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் நேரில் வந்துதான் ஓட்டுப் போடமுடியும். விமானச் செலவு யார் தருவது? இருக்கும் ஊரிலிருந்தே ஓட்டுப் போட ஒரு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட ஏற்பாடு செய்தது. கட்சிகள் பல சந்தேகம் கேட்டன. அது நடைமுறைக்கு வரவில்லை.

ஆக, அரசின்மேல் அதிகக் கோபம் யாருக்கு இருக்குமோ, அவருக்குத்தான் ஓட்டுப் போடுவது அதிகக் கஷ்டம்.

யார் பணம்?

ஒரு கிராமக் கூட்டத்தில் இப்படிப் பேச்சு வரும்.

"அரசாங்கம் தன் பணத்தை எப்படியோ செலவு பண்ணுது. நமக்கு என்ன தம்பி?"

"அது உங்க பணம்தான் பாட்டி."

"நான் எங்கே வரி கட்டறேன்? எனக்கு நிலமே இல்லையே!"

"சோப்பு வாங்கறீங்களா? போனுக்குக் காசு போடறீங்களா?"

"பேரன் போடுவான். மாசாமாசம்."

"அதுல வரி இருக்கு பாட்டி."

தம்பி சொன்னது சரி. போனுக்கு 100 ரூபாய் போட்டால் அதில் 15 ரூபாய்க்கு மேல் வரி. பஸ் டிக்கெட்டிலும் டீசல் வரி ஒளிந்திருக்கிறது. குடிக்கிறவர் தரும் காசில் பெரும் பங்கு வரிதான். இவை போதாதபோது அரசு கடன் வாங்குகிறது. அந்தக் கடனையும் வட்டியையும் நாமும் நம் பிள்ளைகளும்தான் கட்டவேண்டும்.

திருப்பதிப் பக்கத்தில் பலர் ஒன்றைக் கேட்பார்கள். "திருமலை உண்டியல் பணம் இருக்கும்போது அரசுக்கு என்ன குறை?" உண்டியல் பணம் அரசுக் கஜானாவுக்குப் போவதில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்குத் தனி வரவு செலவு உண்டு. அதன் குழுவை மாநில அரசு நியமிக்கிறது. ஆனால் கணக்கு வேறு.

லண்டன் பஸ்ஸில் எழுதிய கணக்கு

இந்தக் கோபம் நம் ஊருக்கு மட்டும் உரியது இல்லை. நம் ஊரில் 'பிழைக்க வெளியே போகவேண்டி இருக்கிறதே' என்று கோபம். பிரிட்டனில் 'வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்களே' என்று கோபம். போலந்து போன்ற நாடுகளிலிருந்து அங்கே வேலைக்கு வந்தார்கள். வந்தவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள்தான். பழைய ஆலைகள் மூடிய ஊர்களில் இருந்தவர்கள், "லண்டனில் இருக்கும் தலைவர்களுக்கு எங்கள் கஷ்டம் தெரியாது" என்றார்கள்.

2016 ஜூன் 23-ல் அங்கே ஒரு வாக்கெடுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா? விலகச் சொன்னவர்கள் ஒரு சிவப்புப் பஸ்ஸில் பெரிதாக எழுதினார்கள். 'வாரம் 35 கோடி பவுன் அங்கே அனுப்புகிறோம். அதை நம் மருத்துவத்துக்குச் செலவு செய்வோம்' என்பது அதன் பொருள். அந்தக் கணக்கு மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று நாட்டின் புள்ளிவிவர அமைப்பே சொன்னது. தள்ளுபடியாகக் கழியும் தொகையையும், திரும்பி வரும் தொகையையும் அதில் கழிக்கவில்லை. ஆனாலும் விலகும் பக்கம் 100-க்கு 52 பேர் ஓட்டுப் போட்டார்கள்.

கோபம் நியாயமாக இருக்கலாம். கோபத்தோடு தரப்படும் கணக்கும் நியாயமாக இருக்கும் என்று சொல்லமுடியாது.

பெயரை உரக்கப் படித்தார்கள்

2004 தேர்தலுக்குப் பிறகு, 2005-ல், ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு வருஷத்தில் 100 நாள் வேலை. 2006 பிப்ரவரி 2-ல் அனந்தபுரம் மாவட்டம் பண்ட்லபள்ளியில் தொடங்கினார்கள். முதலில் எடுத்த 200 மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று.

வேலை தந்தது பெரிய விஷயம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அதில் இருந்த இன்னொரு ஏற்பாடு. செலவுக் கணக்கைக் கிராம சபை சரிபார்க்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். இதற்குச் சமூகத் தணிக்கை என்று பெயர். ஆந்திரா இதை 2006 முதல் முறையாகச் செய்தது. 2009-ல் இதற்கென்று தனி அமைப்பே உருவானது.

எப்படிச் செய்தார்கள்? கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளில் படித்தவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மஸ்டர் ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியலை, கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். "அம்மா, நீங்கள் 12 நாள் வேலை செய்ததாக எழுதியிருக்கிறது. சரியா?" என்று கேட்டார்கள். "6 நாள்தானே செய்தேன்!" என்று பதில் வந்தால் குறித்துக்கொண்டார்கள். வெட்டியதாகச் சொன்ன குளத்தைப் போய் அளந்தார்கள்.

பிறகு ஊர்க் கூட்டம். எல்லோர் எதிரிலும் பெயரை உரக்கப் படித்தார்கள். இறந்துபோனவர் பெயரும் வரும். குவைத்துக்குப் போனவர் பெயரும் வரும். ஜனம் சிரிக்கும். பட்டியல் எழுதியவர் தலை குனிவார். அடுத்து மண்டல அளவில் பொது விசாரணை. சாப்பிட்ட பணத்தைச் சிலர் திருப்பிக் கட்டினார்கள். சிலர் வேலை இழந்தார்கள். எல்லாப் பணமும் திரும்பி வரவில்லை. கண்டுபிடித்ததில் வசூலானது கொஞ்சம்தான். ஆனாலும் தன் பெயரும் நாளும் எழுதிய இடத்தைத் தானே விரல் வைத்துப் படித்த பெண், அடுத்த முறை வெற்றுப் பட்டியலில் கையெழுத்துப் போடுவாரா?

2025 டிசம்பரில் இந்தச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றியது. அதில் 125 நாள் என்று இருக்கிறது. செலவில் மாநிலத்தின் பங்கு கூடுகிறது.

ஒரு தாள் போதும்

வேலைத் திட்டத்தில் மட்டும் இல்லை, மற்றச் செலவுகளிலும் கணக்குக் கேட்கலாம். தெருவுக்குச் சிமெண்ட் ரோடு போட்டார்களா? எவ்வளவு செலவு? பில் எங்கே? 2005-ன் தகவல் உரிமைச் சட்டப்படி எந்தக் குடிமகனும் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக்கூடாது.

ஆந்திராவில் கிராம அளவில் கேட்டால் கட்டணம் இல்லை. மண்டல அளவில் 5 ரூபாய். அதற்கு மேல் உள்ள அலுவலகங்களில் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு எங்கும் கட்டணம் இல்லை. மாநில மொழியான தெலுங்கில் மனு எழுதலாம். நம்மில் தமிழ் மட்டும் எழுதத் தெரிந்தவர்கள், தெலுங்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை எழுதச் சொல்லலாம். எழுதவே தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்ள அதிகாரி உதவவேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

கேள்வியைச் சுருக்கமாக எழுதுங்கள். எந்த ஊர், எந்த வேலை, எந்த வருஷம் என்று குறிப்பிடுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு முறையீடு எழுதலாம்.