“யோசித்துச் சொல்லுங்கள்” என்று ஏன் கேட்கக் கூடாது?

தலையில் அடிபட்டுத் தேறிய பெரியவரிடம் பேத்தியைக் காட்டி, “இது யாருன்னு யோசிச்சுச் சொல்லுங்க தாத்தா” என்பார்கள். அன்பால் கேட்பதுதான். ஆனால் நினைவாற்றல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு அது கெடுதலாக முடியலாம்.

நடந்ததை நினைவுகூர்ந்து சொல்ல மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி வேண்டும். செய்யச் செய்யத் தானாகப் படியும் நினைவு வேறு. முன்னது சிதைந்தாலும் பின்னது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. சிக்கல் இங்கேதான். அவர் “மாலா” என்கிறார், நாம் “கவிதா” என்று திருத்துகிறோம். திருத்தியது மறந்துபோகிறது. அவர் வாயால் சொன்ன “மாலா” படிந்துவிடுகிறது. அடுத்த முறையும் அதுவே முந்திக்கொண்டு வருகிறது.

1994-இல் பிரிட்டனின் உளவியலாளர்கள் ஆலன் பாட்லியும் பார்பரா வில்சனும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஊகிக்கவிட்டுத் திருத்தியதைவிட, விடையை முதலிலேயே சொல்லிக்கொடுத்தபோது நினைவிழந்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். மூளைக் காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பயிற்சியில் இந்தப் ‘பிழையில்லாக் கற்றல்’ இன்று பயன்படுகிறது.

எப்படிச் செய்வது? “இது கவிதா. இது யாரு?” விடை வந்ததும் 30 நொடி கழித்து மறுபடி கேட்க வேண்டும், பிறகு 1 நிமிடம், 2, 4 என இடைவெளியைக் கூட்டலாம். தடுமாறினால் காத்திருக்காமல் விடையைச் சொல்லிவிட்டு, முந்தைய இடைவெளிக்குத் திரும்ப வேண்டும்.

இதனால் பழைய நினைவாற்றல் திரும்பாது. பழகிய அந்த ஒன்று மட்டும் கைவரும். ஆகவே எதைக் கற்பிப்பது என்று தேர்ந்தெடுப்பது முக்கியம். முதியோரின் தலைக்காயங்களுக்கு முதன்மைக் காரணம் கீழே விழுவதுதான். எனவே சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, அதன் பிரேக்கைப் போட்டுவிட்டு எழுவதைத்தான் நான் முதலில் கற்பிக்கச் சொல்வேன். பெயர்கள் அதற்குப் பிறகு.