ஸ்டோரிலும் மலையிலும் இருக்குது விஞ்ஞானம்



வேலை முடிந்து பொழுதுபட வீட்டுக்கு வருகிறீர்கள. பிள்ளை விஞ்ஞானப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு "ஒட்சியேற்றம், ஒட்சியேற்றம்" என்று மனப்பாடம் செய்கிறது. "அப்பிடின்னா என்னாம்மா?" என்று கேட்கிறது. "எனக்கு என்னா தெரியும்? நான் கொழுந்து எடுக்கப் போறவ. டீச்சர்கிட்ட கேளு" என்கிறீர்கள்.

இந்தப் பதிலால் இரண்டு நட்டம். பிள்ளைக்கு விளக்கம் கிடைக்கவில்லை. அதோடு, விஞ்ஞானம் டவுன் பிள்ளைகளுக்கு உரியது, நமக்கு அது ஒத்துவராது என்றும் பிள்ளை நினைத்துவிடுகிறது. அப்படி நினைத்த பிள்ளை சாதாரண தரத்தில் தவறினால் மறுபடி எழுத மனம் வராது.

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். நம்மில் மூத்தவர்கள் பலருக்கு விஞ்ஞானப் பாடமே கிடைக்கவில்லை. ஆனால் புத்தகத்தில் உள்ள பல விஷயங்களை நாம் தினமும் கையால் செய்கிறோம்.

ஸ்டோரில் நடப்பது

கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால்தான் ஒரு கிலோ தூளுக்கு நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து தேவைப்படுகிறது. கொழுந்தைப் பரப்பிக் காற்று விட்டு வாட்டுகிறார்களே, அதுதான் புத்தகத்தில் வரும் ஆவியாதல். குவித்து வைத்தால் சரியாக வாடாது. பரப்பி வைத்தால், காற்றும் பட்டால், சீக்கிரம் வாடும். இதை நீங்கள் பிள்ளைக்குச் சொல்லலாம்.

பிறகு ரோலரில் அரைபடும்போது இலையின் கலங்கள் உடைந்து சாறு வெளியே வருகிறது. சாற்றில் உள்ள நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து வேலை செய்கிறது. பச்சை நிறம் செப்பு நிறமாகிறது, வாசம் வருகிறது. இதுதான் பிள்ளை மனப்பாடம் செய்த ஒட்சியேற்றம். ஸ்டோரில் இதைப் 'புளிக்க வைக்கிறது' என்பார்கள். ஆனால் பாண் மாவையும் கள்ளையும் புளிக்க வைக்கும் மதுவம் இதில் இல்லை. பரீட்சையில் பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். நாலு கொழுந்து எடுங்கள். இரண்டை அப்படியே உள்ளங்கையில் நன்றாகக் கசக்கி வையுங்கள். மற்ற இரண்டையும் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, ஆறியபின் கசக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் முதலாவது சிவந்துவிடும். மற்றது பச்சையாகவே இருக்கும். சூடு நொதியத்தை அழித்துவிட்டது. பச்சைத் தேயிலை செய்வதும் இந்த முறையில்தான். கொதிதண்ணீரைப் பெரியவர்களே கையாள வேண்டும்.

மலையில் நடப்பது

கவ்வாத்து வெட்டுமுன் சில செடியின் வேரை வெட்டி, அயடீன் மருந்து தடவிப் பார்ப்பதுண்டு. வேர் கருநீலமாக மாறினால் அதில் மாப்பொருள் போதுமான அளவு இருக்கிறது, வெட்டலாம். இலை இல்லாத செடி மறுபடி துளிர்ப்பது வேரில் சேர்த்து வைத்த அந்த மாப்பொருளை வைத்துத்தான். பாடசாலையில் கிழங்கிலும் சோற்றிலும் பிள்ளைகள் செய்கிற பரிசோதனையும் இதுதான்.

அடுப்படியில் நடப்பது

நுவரெலியாப் பக்கம் பருப்பு அவிய நேரம் எடுக்கிறது என்று சொல்கிறோம். உயரம் கூடும்போது வளியமுக்கம் குறையும். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். தண்ணீர் கொதிக்கும், ஆனால் சூடு குறைவு. அதனால்தான் பருப்பு மெதுவாக அவிகிறது.

நாம் செய்யக்கூடியது

பிள்ளை ஒரு சொல்லைக் கேட்டால் "தெரியாது" என்று முடித்துவிடாதீர்கள். "புத்தகத்துல என்னா போட்டிருக்கு, வாசி கேப்போம்" என்று சொல்லுங்கள். "இது நம்ம வேலையில எங்க நடக்குது?" என்று சேர்ந்து யோசியுங்கள். பத்து நிமிஷம் போதும். பொம்பளப் பிள்ளை, ஆம்பளப் பிள்ளை என்று வித்தியாசம் பார்க்க வேண்டாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதலில் தோட்டத்துச் சொல்லைச் சொல்லி, பிறகு புத்தகச் சொல்லைக் கொடுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிப் பிள்ளைகளை ஸ்டோருக்கு அழைத்துப் போங்கள். ஓடுகிற இயந்திரங்களுக்கு அருகில் மட்டும் விடாதீர்கள். வேலை அனுபவமுள்ள ஒரு தாயையோ தகப்பனையோ வகுப்புக்குக் கூப்பிட்டுப் பேசவும் வைக்கலாம்.

தன் அம்மா வகுப்பின் முன்னால் நின்று கொழுந்து வாட்டுவதை விளக்கியதைப் பார்த்த பிள்ளை, விஞ்ஞானம் நமக்கு ஒத்துவராது என்று சொல்லாது. இன்றைக்கு இரவே நாலு கொழுந்தோடு ஆரம்பியுங்கள்.