உசைன் போல்ட்டை முந்தினாரா கம்பளா வீரர்? வேகத்துக்கு ‘உலக சாதனை’ முத்திரை கிடைப்பது எப்படி?

2020 பிப்ரவரியில் வாட்ஸ்அப், ட்விட்டர் என எதைத் திறந்தாலும் ஒரே வீடியோதான். சேறும் தண்ணீருமான ஓடுபாதையில் இரண்டு எருமைகள் பாய, அவற்றின் பின்னால் வெறுங்காலுடன் ஒருவர் பறந்து வருகிறார். கர்நாடகக் கடலோரத்தில் நடக்கும் கம்பளா போட்டி அது. ஓடியவர் ஸ்ரீநிவாச கவுடா.

அவர் 142.5 மீட்டரை 13.62 விநாடியில் கடந்ததாகச் செய்தி வந்தது. உடனே ஒரு கணக்கும் கிளம்பியது. 100 மீட்டருக்கு 9.55 விநாடி! உசைன் போல்ட்டின் உலக சாதனையோ 9.58. அவ்ளோதான், ‘இந்தியாவின் போல்ட்’ என்று இணையம் கொண்டாடியது. அப்போதைய விளையாட்டுத் துறை அமைச்சர் கிரண் ரிஜிஜுவே தேர்வோட்டத்துக்கு அழைத்தார். ஆனால் கம்பளாதான் தன் களம் என்று சொல்லி கவுடா அதில் ஓடவில்லை.

சரி, அந்த 9.55 உண்மையிலேயே உலக சாதனையா?

கணக்கில் என்ன சிக்கல்?

ஓட்டத்தில் மிக மெதுவான பகுதி தொடக்கம்தான். நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்க நேரம் ஆகும். தூரம் கூடக் கூட, அந்தத் தாமதம் சராசரியில் கரைந்துவிடும்.

இதற்கு போல்ட்டே உதாரணம். 2009 மே மாதம் மான்செஸ்டர் நகரத் தெருவில் போடப்பட்ட ஓடுபாதையில் 150 மீட்டரை 14.35 விநாடியில் ஓடினார். கவுடாவுக்குப் போட்ட அதே கணக்கை இங்கே போட்டால் 100 மீட்டருக்கு 9.57 விநாடி வரும். அந்த ஓட்டத்தின் கடைசி 100 மீட்டரை மட்டும் அவர் 8.70 விநாடியில் கடந்தார். இவை எதுவும் 100 மீட்டர் சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. மூன்று மாதம் கழித்து, பெர்லின் உலக சாம்பியன்ஷிப்பில் நின்ற நிலையிலிருந்து ஓடிய 9.58-தான் ஏறியது.

கம்பளாவில் எருமைகளின் இழுப்பும் ஓடுபவருக்குக் கிடைக்கும். அதனால் கவுடாவின் திறமை குறைந்துவிடாது. சேற்றில் எருமைகளுக்கு ஈடுகொடுத்து ஓடுவது லேசான காரியமா என்ன? ஆனால் அது வேறு விளையாட்டு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

காற்று தள்ளிவிட்டால்?

100 மீட்டர் ஓட்டத்தில் பின்னாலிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை செல்லாது. 2008-ல் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் டைசன் கே 9.68 விநாடியில் ஓடினார். அன்றைய உலக சாதனை 9.72. ஆனால் காற்றின் வேகம் 4.1 மீட்டர். ஓட்டத்தில் ஜெயித்தும் சாதனை கைநழுவியது.

0.001 விநாடியில் போன பதக்கக் கனவு

துப்பாக்கி ஒலித்து 0.1 விநாடிக்குள் காலை அழுத்தினால் ஃபவுல் ஸ்டார்ட். சத்தம் காதில் விழுந்து, மூளை உணர்ந்து, கால் அசைய அவ்வளவு நேரமாவது ஆகும் என்பது விதியின் அடிப்படை. அதற்கு முன்பே கிளம்பினால் ஊகித்து ஓடியதாகவே அர்த்தம்.

2022 உலக சாம்பியன்ஷிப்பின் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் டெவன் ஆலனின் எதிர்வினை நேரம் 0.099 விநாடி. சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னிலையில் ஓடாமலேயே வெளியேற வேண்டியதாயிற்று.

இரண்டு மணி நேரத்துக்குள் மராத்தான் ஓடியும்...

2019 அக்டோபர் 12, வியன்னா. எலியுட் கிப்சோகே 42.195 கி.மீ. தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தார். மனிதனால் முடியுமா என்று கேட்டவர்களுக்கு அது பதில். ஆனால் உலக சாதனை அல்ல! காரணம், அது எல்லோரும் பங்கேற்கும் போட்டி இல்லை. பேஸ்மேக்கர்கள் அணி அணியாக மாறி மாறி வந்து அவரைச் சூழ்ந்து ஓடினார்கள். முன்னால் சென்ற கார் லேசர் ஒளியால் சாலையில் வேகத்தைக் காட்டிக்கொண்டே போனது.

இது தரையில் ஓடும் வாகனங்களுக்கும் பொருந்தும். 1997-ல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ‘த்ரஸ்ட் எஸ்எஸ்சி’ ஜெட் கார் மணிக்கு 1,227.985 கி.மீ. வேகத்தைப் பதிவு செய்தது. ஒலியையே முந்திய வேகம் அது. அந்தச் சாதனைக்கு ஒரே ஒரு ஓட்டம் போதாது. ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த் திசையிலும் ஓட்டிக்காட்ட வேண்டும், இரண்டின் சராசரிதான் கணக்கு. போகும்போது காற்றோ சரிவோ உதவினால், திரும்பும்போது அதுவே தடுக்கும் இல்லையா?

கருவியே தடுமாறினால்?

விதி கறாராக இருந்தும் சந்தேகம் வரத்தான் செய்கிறது. 2006-ல் தோஹாவில் ஜஸ்டின் காட்லின் 9.76 விநாடியில் உலக சாதனையை முறியடித்ததாக அறிவிக்கப்பட்டது. உண்மையான நேரம் 9.766. விதிப்படி அதை மேல்நோக்கி முழுமையாக்கி 9.77 என்று எழுத வேண்டும். சில நாட்களில் திருத்தம் வந்தது. சாதனை சமன் ஆனது. பிறகு ஊக்கமருந்து விவகாரத்தில் அதுவும் ரத்தானது.

இதைவிடப் பெரிய புதிர் 1988-ல் நடந்தது. இண்டியானாபொலிஸில் ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 100 மீட்டரை 10.49 விநாடியில் ஓடினார். ஓடுபாதைக் கருவி காட்டிய காற்றின் வேகம் பூஜ்ஜியம். அதே மைதானத்தில், அதே நேரத்தில் மும்முறைத் தாண்டுதல் பகுதியில் இருந்த கருவியோ 4.3 மீட்டர் காட்டியது. கருவி பழுது என்று வாதிட்டவர்கள் பலர். ஆனாலும் சாதனை பட்டியலிலேயே இருக்கிறது. 2021-ல் எலைன் தாம்ப்சன் ஹெரா 10.54 வரை நெருங்கினார். அவரும் அவருக்குப் பின்னால் வருபவர்களும் துரத்துவது ஒரு சந்தேக எண்ணையா, நிஜ எண்ணையா என்பதற்கு உறுதியான பதில் இல்லை.

ஃபார்வர்டு செய்யும் முன்...

அடுத்த முறை ‘உலக சாதனையை முறியடித்த நம்ம ஊர் வீரர்’ என்று வீடியோ வந்தால் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கருவியில் நேரம் எடுத்தார்கள்? முழுத் தூரமும் ஓடினாரா, கணக்குப் போட்டதா? காற்றோ வேறு துணையோ இருந்ததா? அந்த விளையாட்டின் அமைப்பு ஏற்றுக்கொண்டதா?

நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் அது பொய் ஆகிவிடாது. வீரரைத் தாராளமாகப் பாராட்டலாம். ‘உலக சாதனை’ என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். 0.001 விநாடிக்காக வெளியே போனவர்களுக்குத்தான் தெரியும், அந்த வார்த்தையின் விலை.