சொந்தமா மோட்டார் படகு வாங்கப் போறீங்களா? முதலில் உப்பைப் பற்றித் தெரிஞ்சுக்கோங்க!

கே.ஜி.கண்டிகையில் கடலும் இல்லை, படகுத்துறையும் இல்லை. ஆனால் நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே பழவேற்காடு ஏரி இருக்கிறது. 2011 டிசம்பர் 25 அன்று அங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதனால் விலை விசாரிக்கும் முன் விதியை விசாரியுங்கள்.

1917-ம் ஆண்டு சட்டத்துக்குப் பதிலாக வந்தது 2021-ன் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். அதன்படி ஆறு, ஏரி, கால்வாய்களில் ஓடும் இயந்திரப் படகுக்கு ஆய்வுச் சான்றிதழும் பதிவுச் சான்றிதழும் வேண்டும். கடலுக்குள் போக இது போதாது, அதற்கு விதிகள் வேறு.

பேப்பர் வேலை அவ்வப்போதுதான். பராமரிப்பு? அது ஓயவே ஓயாது. பழவேற்காட்டில் ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கின்றன. அங்கே ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்தினால், இன்ஜினைக் குளிர்விக்கும் குழாய்க்குள் உப்பு படிந்துவிடும். கரைக்கு வந்ததும் ஹோஸ் மாட்டி, நல்ல தண்ணீர் விட்டு இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட வேண்டும்.

இன்னொன்று, ஆனோடு. இன்ஜின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகவே பொருத்தும் சின்னத் துண்டு (பாவம்!). கடலுக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம், ரெண்டும் கலந்த பழவேற்காடு மாதிரி இடத்துக்கு அலுமினியம். பாதி கரைந்ததுமே மாற்றிவிடுங்க.