காத்தான்குடி வீதிகள்: அகலிப்பதற்கு முன் இணைக்க வேண்டும்

காத்தான்குடியில் வீதி நெரிசல் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வரும் பதில், பிரதான வீதியை இன்னும் அகலமாக்க வேண்டும் என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேரீச்ச மரங்கள் நட்ட அந்த வீதியை அகலித்தால் முதலில் போவது மரங்களும் கடை முகப்புகளுமே. நெரிசல் போகாது.

ஊரின் அமைப்பைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே ஒடுங்கிய மணல் நிலம். அதனூடாக ஓடுவது ஏ-4 நெடுஞ்சாலை. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில், கல்முனை எனச் சுற்றி மட்டக்களப்புக்கு வரும் வீதி. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸும் லொறியும் அதில்தான் போகின்றன. பிள்ளையைப் பாடசாலையில் விடப்போகும் நமது மோட்டார் சைக்கிளும் அதில்தான். தூரப் பயணமும் உள்ளூர்ப் பயணமும் ஒரே வீதியில் கலப்பதுதான் பிரச்சினையின் வேர். 2013இல் கல்லடியில் புதிய பாலம் திறக்கப்பட்டதும், பழைய ஒற்றை வழிப் பாலத்தில் காத்துக்கிடந்த தொல்லை நீங்கியது. ஊருக்குள் இருக்கும் சிக்கலை அந்தப் பாலம் தீர்க்க முடியாது.

அதற்குத் தேவை, பிரதான வீதிக்குச் சமாந்தரமாக ஓடும் உள்வீதிகள் தடையின்றித் தொடர்வதும், அவற்றைக் குறுக்கு வீதிகள் இணைப்பதும். ஒரு குறிச்சியிலிருந்து அடுத்த குறிச்சிக்குப் பிரதான வீதியைத் தொடாமலே போக முடிந்தால் பாதி வாகனம் அங்கே வராது. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வகை வீதிகள் மாகாணத்துக்கும் உரியவை. எஞ்சிய உள்வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. அதாவது, நமது கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை ஒழுங்கைகளே.

அவை ஏன் இப்படி ஒடுங்கின? இதை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது நம் பகுதி வழக்கம். மூன்று மகள்மார் இருந்தால் வளவு மூன்றாகப் பிரியும். பின்பக்க வீட்டுக்கு ஒரு நடைவழி விடப்படும். வாப்பா பிரித்ததை மகள் தன் பிள்ளைகளுக்கு மறுபடி பிரிப்பார். சைக்கிள் போன காலத்தில் விட்ட வழி, இன்று ஓட்டோ திரும்ப முடியாத முட்டு ஒழுங்கை. போதாததற்கு வாசற்படியும் மதிலும் ஆளுக்கு அரை அடி முன்னே வருகின்றன. அந்த ஒழுங்கையில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் அம்பியூலன்ஸ் முனையிலேயே நிற்கும். தீப்பிடித்தால் தீயணைப்பு வாகனமும் அப்படியே. கொங்கிறீட் போடும்போதெல்லாம் ஒழுங்கை உயர்ந்து, மாரி வெள்ளம் வீட்டுக்குள் இறங்குவது தனிக்கதை.

வழியின் அகலத்தில் பிணக்கு ஏற்பட்டால் ஏழு முழம் விடும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். ஒரு முழம் ஒன்றரை அடி என்றால் பத்தரை அடி. தீயணைப்பு வாகனத்தின் அகலம் ஏறக்குறைய எட்டடி. கணக்கைப் பாருங்கள், இன்றைக்கும் பொருந்துகிறது.

இருக்கும் வீடுகளை இடிக்கச் சொல்லவில்லை. எந்தெந்த முட்டு ஒழுங்கைகள் ஒரேயொரு மதிலால் மட்டும் பிரிந்து நிற்கின்றன என்று பள்ளிவாசல் நிர்வாகங்களும் சபையும் சேர்ந்து குறிச்சி குறிச்சியாக வரைபடம் தயாரிக்கலாம். அவற்றில் சிலவற்றை இணைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். இனிப் பிரிக்கும் காணிகளுக்கு, நில அளவையாளர் வரைபடத்தை முடிக்கும் முன் பக்கத்து வளவுக்காரரையும் அழைத்து, இரு பக்கத்து வழிகளும் சந்திக்குமா என்று பார்க்க வேண்டும். மதில் எழும்பிய பிறகு போய் நாலடி கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.